பூவரசு வளையவில்லை: வட்டக்கச்சித் தோட்டமொன்றில் களைநாசினிப் பாதிப்பு – ஒரு நிகழ்வு ஆய்வு

கடந்த சிறுபோகத்தில், ஜூன் மாத நடுப்பகுதியில், கிளிநொச்சி மாவட்டத்து வட்டக்கச்சியிலிருந்து ஓர் அக்கா தொலைபேசிக்கு மூன்று படங்கள் அனுப்பியிருந்தார். ஒன்றில் தக்காளிக் குருத்து ஈரத் துணியைப் பிழிந்தது போல முறுகியிருந்தது. மற்ற இரண்டும் மங்கலானவை. பஸ்ஸில் நின்றுகொண்டு, வெயிலுக்குத் திரையைக் கையால் மறைத்துப் பார்த்த நான், இது இலைச்சுருள் வைரஸ், வெள்ளை ஈ பரப்புவது, மோசமான கன்றுகளைப் பிடுங்கிவிட்டு மஞ்சள் ஒட்டு அட்டை கட்டுங்கள் என்று பதில் எழுதினேன்.

அது பிழையான பதில். இரண்டு நாள் கழித்து அவரே அழைத்தார்.

“தம்பி, வெள்ளை ஈ பப்பாசியையும் பயிற்றையையும் செவ்வரத்தையையும் ஒரே கிழமைக்குள் முறுக்குமா?”

விவசாயம் படித்த நான் அவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. ஒரு வைரஸ், நான்கு வெவ்வேறு குடும்பத்துச் செடிகளை ஒரே நாளில் ஒரே மாதிரி வளைப்பதில்லை. மற்றச் செடிகள் எப்படி இருக்கின்றன என்று ஒரு வார்த்தை விசாரித்திருந்தாலே போதும்.

அக்காவிடம் விடை ஆயத்தமாக இருந்தது. வேலிக்கு அப்பால் உள்ள வயற்கார ஐயா புல் மருந்து அடித்தார், அது காற்றில் வந்துவிட்டது, அடுத்த கமக்கார அமைப்புக் கூட்டத்தில் எழுந்து சொல்லப்போகிறேன் என்றார். சனிக்கிழமை வந்து பார்க்கும்வரை பொறுக்கும்படி கேட்டுக்கொண்டேன். பொறுத்தார், ஆனால் ஐயாவுடன் பேசுவதை நிறுத்திவிட்டிருந்தார்.

காணியும் காற்றும்

வட்டக்கச்சி இரணைமடுத் தண்ணீரை நம்பி எழுந்த குடியேற்றக் கிராமம். கனகராயன் ஆற்றை மறித்த அந்தக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதைப் பார்த்துத்தான் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று தீர்மானிப்பார்கள். மாரி மழையில் செய்யும் காலபோகம் போல எல்லா வயலும் அப்போது பச்சை பிடிப்பதில்லை. அக்காவின் மேட்டுக்காணிக்குத் தென்மேற்கே கிடந்த வயல் இம்முறை விதைபட்டிருந்தது. இடையில் ஒரு வாய்க்கால், உழவு இயந்திரம் போகும் அளவுக்கு ஒரு மண்பாதை, பிறகு வேலி. வேலியில் பூவரசும் கிளுவையும் இரண்டு முருங்கையும் நின்றன.

சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, அந்த வயலைத் தாண்டித்தான் இந்தக் காணிக்குள் வருகிறது. ஜூனில் அது வீசும் வீச்சுக்குக் கொடியில் போட்ட துணி கவ்வி இல்லாமல் நிற்காது. ஐயா அடித்தது எம்.சி.பி.ஏ. ஆக, ஆயுதமும் இருந்தது, அது வந்து சேரப் பாதையும் இருந்தது. துப்பறியும் கதையாக இருந்தால் இரண்டாம் பக்கத்திலேயே முடித்திருக்கலாம்.

எம்.சி.பி.ஏ. 1940களில் பிரித்தானியாவில் கண்டறியப்பட்ட களைநாசினி. நெல்லுக்குள் வரும் கோரையையும் அகன்ற இலைக் களைகளையும் கொல்லும்; நெல் புல்லினம் என்பதால் தப்பிவிடும். செடிக்குள் இயல்பாகவே சுரக்கும் வளர்ச்சி ஓமோனைப் போல அது நடிக்கிறது. கருக்குவது அதன் வேலையல்ல. கட்டுப்பாடில்லாமல் வளரச் செய்கிறது. தண்டின் ஒரு பக்கம் மற்றதைவிட வேகமாக நீள்வதால் செடி திருகிக்கொள்கிறது. புதிய இலை விரிய முடியாமல் கிண்ணமாகக் குவிகிறது, அல்லது நரம்பு மட்டும் நீண்டு நாடாவாகிறது. பப்பாசியில் வந்த புது இலை பெருஞ்சீரகச் செடி போல இருக்கிறது என்று அக்கா சொன்னார். எந்தப் பாடநூலும் அதைவிடப் பொருத்தமாகச் சொல்லாது.

மற்றக் களைநாசினிகளை ஒதுக்குவது எளிதாக இருந்தது. கிளைபோசேட் என்றால் புல்லையும் விடாது. 2015இல் தடை செய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தப்பட்டு, 2022இல் தடை நீங்கிய பிறகு அது மீண்டும் வளவுகளுக்குள் வந்திருக்கிறது. ஆகவே கேட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் பாத்தியின் ஓரத்தில் அறுகு கொழுகொழுவென்று நின்றது, வாழைக் குருத்தும் சுத்தமாக விரிந்திருந்தது. பரகுவாட் போன்ற சுட்டுக் கருக்கும் மருந்து என்றால் துளி விழுந்த இடமெல்லாம் பொட்டுப் பொட்டாகக் கருகியிருக்கும். அது 2008 தொடக்கம் 2011 வரை படிப்படியாக நாட்டிலிருந்து விலக்கப்பட்டது. இங்கே ஒரு கருகலும் இல்லை. கைவில்லையால் மிளகாய்க் குருத்தைப் புரட்டிப் பார்த்தேன். சிற்றுண்ணியோ பனிப்பூச்சியோ இந்த அளவுக்குச் சுருட்டும் எண்ணிக்கையில் இல்லை.

ஓமோன் வகைக் களைநாசினி என்பதில் அக்காவும் நானும் ஒன்றுபட்டோம். வந்த வழியில்தான் எனக்குச் சந்தேகம்.

பதினோராவது மிளகாய்க் கன்று

காற்றில் வந்த மருந்து முதலில் வேலியைத்தான் தொட வேண்டும். பூவரசு பருத்தியின் குடும்பம். பருத்தி இனத்துக்கு இந்த வகை மருந்து என்றால் ஆகவே ஆகாது; சிறு சாரல் பட்டாலே இலை குவியும். வயலைப் பார்த்தபடி நின்ற பூவரசங் கொழுந்துகளை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தேன். எல்லாம் இதய வடிவம் குலையாமல், மினுங்கிக்கொண்டு இருந்தன. முருங்கைத் துளிரும் அப்படியே. வேலிக்கு வெளியே, வாய்க்கால் கரையில், யாருக்கும் வேண்டாத பார்த்தீனியம் இடுப்பளவு உயரத்தில் பூத்துக் குலுங்கியது. அகன்ற இலைக் களை அது. வயலிலிருந்து மருந்து பறந்திருந்தால் முதலில் தலை சாய்ந்திருக்க வேண்டியது அதுதான். ஒரு களைச் செடி இவ்வளவு நேர்மையாகச் சாட்சி சொல்லி நான் பார்த்ததில்லை.

தோட்டத்துக்குள்ளோ எல்லாம் தலைகீழாக இருந்தது. வயலிலிருந்து ஆகத் தூரமான கிணற்றடிப் பாத்தியில்தான் அழிவு அதிகம். தக்காளி முழுவதும் முறுகியிருந்தது. பயிற்றங்கொடி கொழுகொம்பை விட்டு விலகித் தரையை நோக்கி வளைந்திருந்தது. கிணற்றடிப் பப்பாசியும் செவ்வரத்தையும் அந்தப் பக்கத்தில்தான் நின்றன. அங்கிருந்து வேலியை நோக்கி நடக்க நடக்கச் செடிகள் தேறிக்கொண்டு வந்தன. வயலுக்கு மிக அருகே இருந்த பாகலில் இரண்டு குருத்து மட்டும் லேசாகக் குவிந்திருந்தது. அதற்குப் பக்கத்து வெண்டியும் கிட்டத்தட்டச் சுகம். வெண்டியும் பூவரசின் உறவுதான்.

மிளகாய் வரிசையில்தான் நான் குந்திவிட்டேன். ஒரே நாற்றுமேடையில் பிடுங்கி ஒரே நாளில் நட்ட கன்றுகள், ஒரே வரிசை, ஒரே தண்ணீர். முதல் பத்துக் கன்றுகளின் குருத்தும் குடை மடக்கியது போல உள்ளே குவிந்து கிடந்தது. பதினோராவது கன்று நிமிர்ந்து நின்றது. அதற்குப் பிறகு வந்தவற்றில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓர் இலை மட்டும் சுருங்கியிருந்தது. பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில் ஒன்றரை அடி தூரம். காற்று அப்படிக் கோடு கிழிக்காது. நோயும் கிழிக்காது.

“அக்கா, இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டேன்.

சற்று நேரம் யோசித்தார். பிறகு வரிசைக்குப் பக்கத்தில் மண்ணில் பதிந்திருந்த வட்டத்தைக் காலால் காட்டினார். வாளியின் அடித்தடம். “தெளிகருவியின் முதல் தாங்கி இந்த இடத்தில்தான் முடிந்தது. இங்கே வைத்துத்தான் இரண்டாம் தரம் நிரப்பினேன்.”

தாங்கி வந்த வழி

என்ன தெளித்தார் என்பதை நான் அதுவரை கேட்கவில்லை. கேட்டபோது அக்காவுக்கு முகம் மாறிவிட்டது, ஏனென்றால் அவர் தோட்டத்துக்குள் மருந்து எதையும் விடாதவர். தெளித்தது வேப்பங்கொட்டைச் சாறு. பயிற்றையில் அழுக்கணவன், பப்பாசியிலும் செவ்வரத்தையிலும் மாவுப்பூச்சி. கடந்த ஆண்டு பொறுக்கி நிழலில் உலர்த்திய கொட்டையின் பருப்பை உரலில் இடித்து, லீற்றருக்கு 50 கிராம் கணக்கில் இரவு முழுதும் ஊறவிட்டு, வேட்டித் துணியில் வடித்து, இலையில் ஒட்டுவதற்குச் சவர்க்காரத் துருவலைக் கரைத்து ஊற்றியிருக்கிறார். வெயில் தாழ்ந்த பிறகு தெளித்திருக்கிறார். ஒரு பிழை சொல்ல முடியாது. வகுப்பெடுத்தால் நானும் இப்படித்தான் சொல்லிக் கொடுப்பேன்.

தெளிகருவி மட்டும் அவருடையதல்ல. அவருடைய 4 லீற்றர் கைத்தெளிப்பானின் பிடி உடைந்துவிட்டதால், கொழுந்தனின் 16 லீற்றர் முதுகுத் தாங்கியை இரவல் வாங்கியிருந்தார். கொழுந்தனுக்கு இராமநாதபுரம் பக்கம் வயல்.

இப்போது கிழமைகளை அடுக்கிப் பார்த்தோம். பக்கத்து வயல் ஐயா அடித்தது செவ்வாய்க்கிழமை. கொழுந்தன் தன் வயலுக்கு அதே மருந்தை அடித்தது வியாழன். அக்கா வேப்பஞ்சாறு தெளித்தது சனி மாலை. முறுக்கத்தைக் கண்டது திங்கள் காலை. எம்.சி.பி.ஏ. மென்மையான குருத்தில் ஒன்றிரண்டு நாளிலேயே கைவரிசையைக் காட்டிவிடும். செவ்வாய்க்கிழமைச் சாரல் என்றால் வெள்ளிக்கிழமைக்குள் செடி வளைந்திருக்க வேண்டும். வெள்ளியன்று சாமிக்கு வைக்கச் செவ்வரத்தம் பூ ஆய்ந்தபோது இலைகள் நேராகத்தான் இருந்தன என்று அக்காவே சொன்னார். சொல்லிவிட்டு, அதை ஏன் சொன்னோம் என்பது போல நின்றார். ஊர் ஐயாவைக் குற்றம் சொல்வது ஒன்று, கொழுந்தனைக் குற்றம் சொல்வது இன்னொன்று.

கொழுந்தன் வந்தார். “இரண்டு தரம் அலசித்தான் அண்ணியிடம் கொடுத்தேன்” என்றார். நான் நம்பினேன். தாங்கியின் உட்புறம் பளிச்சென்றுதான் இருந்தது. பிரச்சினை அங்கே இல்லை. பம்பின் அறை, றப்பர் குழாய், விசைப்பிடி, அதன் வடி, நொசிலுக்குள் உள்ள வாசர் ஆகியவற்றுக்குள் வயலுக்குக் கலந்த கரைசல் கொஞ்சம் தங்கிவிடுகிறது. தாங்கியை ஆட்டிக் கவிழ்த்தால் அது வெளியே வராது. 100 மில்லிலீற்றர் தங்கியது என்று வைத்துக்கொள்வோம். 16 லீற்றரில் கலந்தால் அது 160இல் ஒரு பங்கு. கேட்பதற்கு ஒன்றுமில்லாத அளவு. நெல்லுக்குள் இருக்கும் கோரை அதைக் கணக்கெடுக்காது. தக்காளிக்கு அது போதும்.

அதற்குமேல் ஒன்று இருக்கிறது, அதுதான் என்னை அதிகம் உறுத்தியது. இந்த மருந்து றப்பரிலும் பிளாஸ்ரிக்கிலும் ஒட்டி ஊறிக் கிடக்கும்; பச்சைத் தண்ணீர் அலசலுக்கு லேசில் அசையாது. சவர்க்காரம் அதைக் கழற்றி எடுக்கும். வேப்பஞ்சாறு இலையில் நன்றாகப் பிடிக்கட்டும் என்று அக்கா கரைத்த சவர்க்காரமே, குழாயின் உட்சுவரில் கிடந்ததை உரித்து, முதல் தாங்கியுடன் சேர்த்து, இலைக்குள் இறங்கவும் உதவி செய்திருக்கிறது. இரண்டாம் தாங்கியில் மிச்சம் கொஞ்சம். மூன்றாவதில் இல்லையென்று சொல்லலாம். பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் கிடந்த கோடு அப்படி விழுந்ததுதான்.

சிரட்டையில் ஒரு சோதனை

இதெல்லாம் ஊகம்தானே என்று கொழுந்தன் சொன்னது நியாயம். ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் வசதி எங்களுக்கு இல்லை. ஆனால் தக்காளி நாற்றே ஓர் ஆய்வுகூடம்தான்.

தாங்கியில் ஒரு லீற்றர் சவர்க்காரத் தண்ணீரை ஊற்றி, பம்பை அடித்துக் குழாய் முழுக்க நிறையவிட்டு, அப்படியே இரவு வைக்கச் சொன்னேன். நாற்றுமேடையில் மிஞ்சிய தக்காளி நாற்றுகளை ஆறு சிரட்டைகளில் மண் நிரப்பி வைத்தோம். காலையில் மூன்றுக்குத் தாங்கித் தண்ணீர், மூன்றுக்கு வாளியில் கரைத்த அதே சவர்க்காரத் தண்ணீர் – சலவைக்காக வைத்திருந்த ஒரு புதுப் போத்தல் தெளிப்பானால். இரண்டு கூட்டத்தையும் வீட்டின் எதிரெதிர்ப் பக்கத் திண்ணையில் வைக்கச் சொல்லிவிட்டு நான் கிளம்பினேன். எந்தச் சிரட்டை எது என்பதை அக்காவின் மகள் அடியில் கரியால் எழுதினாள்.

அடுத்த நாள் மாலையில் படம் வந்தது. இம்முறை தெளிவாக எடுத்திருந்தாள். தாங்கித் தண்ணீர் பட்ட மூன்று நாற்றும் ஒரே பக்கமாகக் கழுத்தை ஒடித்துக்கொண்டு நின்றன; இலைக்காம்புகள் கீழ்நோக்கி வில்லாக வளைந்திருந்தன. மற்ற மூன்றும் ஒன்றும் அறியாத பிள்ளைகள் போல நிமிர்ந்திருந்தன. சிரட்டைகளைப் பார்க்கக் கொழுந்தன் தானே வந்தாராம். ஒன்றும் பேசவில்லையாம். தாங்கியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விட்டாராம்.

ஐயாவை நான் அன்றே சந்தித்திருந்தேன். காலை ஆறரைக்குத் தொடங்கிச் சோளகம் எழும்ப முன் முடித்துவிட்டேன் என்றார். நொசிலைக் கழற்றிக் காட்டினார். புகை போல நுண்துளி கக்கும் பூச்சிமருந்து நொசில் அல்ல அது. விசிறி போல விரியும், துளி பெரிதாக விழும் நொசில். தன்மீது பழி விழுந்திருந்ததை அவர் அறிந்திருந்தார் என்பது பேச்சில் தெரிந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. அது அக்கா சொல்ல வேண்டியது.

தாங்கியும் தோட்டமும் பிறகு

தாங்கியைச் சுத்தம் செய்தது இப்படி. முதலில் பச்சைத் தண்ணீரால் மூன்று தரம், ஒவ்வொரு தரமும் பம்பை அடித்துக் குழாய் வழியாகவே வெளியேற்றி. பிறகு வீட்டுப் பாவனை அமோனியாவை நூறில் ஒரு பங்காக, அதாவது 16 லீற்றருக்கு 160 மில்லிலீற்றர் கலந்து நிரப்பி, குழாய்க்குள்ளும் ஏற்றி, ஒரு முழு இரவு. நொசில், வடி, வாசர்களைக் கழற்றி அதே கரைசலில் ஒரு கிண்ணத்தில் ஊறவிட்டோம். காலையில் மீண்டும் இரண்டு தரம் அலசல். அமோனியா கிடைக்காதவர்கள் சலவைச் சோடாவைப் பயன்படுத்துவதுண்டு. குளோரின் கலந்த வெளிற்றும் நீரை அமோனியாவுடன் ஒருபோதும் சேர்க்கக் கூடாது, வரும் வாயு நெஞ்சை அடைக்கும். கழுவிய தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றவிடவில்லை; மருந்து அடித்த அதே வயலுக்குக் கொண்டுபோய்ச் சிந்தினார்கள்.

அப்படியும் சிரட்டைச் சோதனையைத் திரும்பச் செய்தபோது ஒரு நாற்று லேசாகத் தலை குனிந்தது. குழாயையும் வாசர்களையும் மாற்றச் சொன்னேன். பழைய றப்பரைக் கழுவி வெல்ல முடியாது.

தோட்டத்தில் தக்காளியும் பயிற்றையும் போயின. பிடுங்கி ஆட்டுக்குப் போடாமல் புதைத்தோம். முறுகிய செடியில் இருந்த காயை உண்ண வேண்டாம் என்றபோது அக்காவுக்கு மனமில்லை, ஆனால் கேட்டார். முதல் பத்து மிளகாயில் ஆறு தப்பின. குருத்தைக் கிள்ளிவிட்டு, தண்ணீரைத் தவறாமல் விட்டதைத் தவிர வேறு வைத்தியம் எதுவும் செய்யவில்லை. இலை உரம் தெளிக்கலாமா என்று கேட்டார். நொந்துபோன செடிக்கு மேலும் வளர்ச்சியைத் தூண்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை, மறுத்தேன். பப்பாசி ஆறு கிழமைக்குப் பெருஞ்சீரகமாகவே நின்று, பிறகு ஒரு நாள் பழையபடி கை விரித்தது. இந்த மருந்து ஈரமும் சூடும் உள்ள மண்ணில் சில கிழமைகளில் சிதைந்துவிடும். தக்காளிப் பாத்தியைக் கிளறி ஒன்றரை மாதம் தரிசாக விட்டு, நாலைந்து பயற்றை முளைக்கவிட்டு, அவை நேராக எழுந்த பிறகே மறுபடி நட்டார்.

தரிசாக விட்ட அந்தப் பாத்தியில் வேறு எதுவும் வர முன் கோரை வந்தது. வன்னியில் இதைச் சொல்லவே தேவையில்லை. வினாகிரியும் உப்பும் சவர்க்காரமும் கலந்து தெளித்தால் களை சாகும் என்று யாரோ தொலைபேசியில் அனுப்பியிருந்ததை அக்கா காட்டினார். மேல் இலை வெந்துபோகும், உண்மை. மண்ணுக்குள் கோர்த்துக் கிடக்கும் கிழங்குக்கு அது ஒன்றுமே இல்லை. இரண்டு கிழமையில் புதுத் தளிர் ஊசி போலக் குத்திக்கொண்டு வரும். உப்போ மண்ணில் தங்கிவிடும், அதுவும் கிணற்றுக்கு இருபது அடி தூரத்தில். நான் சொன்னது பழைய வழிதான்: முள்ளுக் கரண்டியால் கிளறி, கிழங்கோடு பொறுக்கி, வெயிலில் காயவிட்டு எரிப்பது, பொறுக்க முடியாத மூலையைத் தடித்த கறுப்புப் பொலித்தீனால் மூடி வைப்பது. முதுகு வலிக்கும். அக்கா ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனால் மகளும் அவரும் மூன்று மாலை பொறுக்கி ஒரு உரப்பை நிரப்பினார்கள்.

கொழுந்தன் தாங்கியின் முதுகில் சிவப்புப் பெயின்றால் “புல்” என்று எழுதியிருக்கிறார். இரவல் கேட்டு வருபவர்களிடம் எழுத்தைக் காட்டுகிறாராம். அக்கா தன் பழைய கைத்தெளிப்பானுக்குப் பிடி மாற்றிவிட்டார். ஐயாவிடம் அவர் என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. கடைசியாகப் போனபோது அவர் வீட்டு வாழைப்பூ ஒன்று அக்காவின் திண்ணையில் கிடந்தது.

கழற்றிய பழைய றப்பர் குழாயை மட்டும் யாரும் வீசவில்லை. நாற்றுமேடைக்குத் தண்ணீர் விட உதவும் என்று அக்கா அதைச் சுருட்டிக் கொட்டிலின் வளையில் தொங்கவிட்டிருந்தார். கேட்டு வாங்கி, கத்தியால் துண்டு துண்டாக வெட்டிப்போட்ட பிறகுதான் பஸ் ஏறினேன்.